மைக்கில் சொன்ன பேர்

“எங் காசு, எங் கிளாசு, எம் மொட்டமாடி—”

“மொட்டமாடின்னா அது என்ன ஊருக்கு வெளியவா இருக்கு? ஊருக்குன்னு ஒரு சட்டம் போட்டாச்சுன்னா—”

“—யாரு வீட்டு வாசல்லயாவது போயி விழுந்தேனா? யாரையாவது ஒரு சொல்லு சொன்னேனா?”

“விழுகலதான். சொல்லலதான். அதுக்காக உங்களுக்கு மட்டும் தனியா ஒரு—”

“தனியா ஒண்ணும் கேக்கலடி! சும்மா விடுங்கன்னுதான் கேட்டேன்!”

கனகலட்சுமி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பேசினாள். காசிமாயன் கொடியில் காய்ந்த கைலியையும் சட்டையையும் உருவிக் கட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அவன் லாரி டிரைவர். திங்கட்கிழமை வில்லாபுரத்து லாரி செட்டில் லோடு ஏற்றினால், ஓசூர், பெங்களூர் என்று சுற்றிவிட்டுச் சனிக்கிழமைதான் ஊர் திரும்புவான். ஓனர் தாராளமானவர், வண்டியை ஊருக்கே கொண்டுபோக விடுவார். இந்தச் சனிக்கிழமையும் ஊருக்குத் திரும்பிவிட்டான். வீட்டுக்குத்தான் திரும்பவில்லை. மெயின்ரோட்டுப் புளியமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுக்க மட்டும் வந்திருந்தான்.

“சோறு வடிச்சிருக்கேன்.”

“கடையில தின்னுட்டேன்.”

“நாளைக்குக் கோயிலுக்கு வருவீகளா, மாட்டீகளா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

“வந்து?”

“வந்து என்ன வந்து? கருப்பு வேற யாரு மேல எறங்கும்?”

“எறங்கி?”

பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவனே சொன்னான்.

“எறங்கி, நீ வைக்கிற பாட்டில ஊரு பாக்கக் குடிக்கணும். போன ஞாயித்துக்கெழமை நான் வாங்கிக் குடிச்சா குத்தம். இந்த ஞாயித்துக்கெழமை நீ வாங்கிக் குடுத்துக் குடிச்சா நேர்த்திக்கடன். நல்லா இருக்குடி உங்க சட்டம்.”

“சாமி குடிக்கிறதும் மனுசன் குடிக்கிறதும் ஒண்ணா?”

“தொண்டை ஒண்ணுதான.”

வாசல் வரைக்கும் போனவன் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

“நம்ம திவ்யாவுக்கு வயசென்ன ஆகுது? அவ பொறக்குறதுக்கு முந்தியில இருந்து ஒரு நா எம் பேர நீ சொன்னதில்ல. மொத மொத சொன்ன. அதையும் மைக்குக் கொழாய நாலு பக்கமும் திருப்பி வச்சுட்டுச் சொன்ன.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நொச்சிக்கரைப்பட்டிக்கு டி. கல்லுப்பட்டி ரோட்டில் இறங்கி மேற்கே நடக்க வேண்டும். இறங்கும் முக்கில் பஸ் ஸ்டாப், அதை ஒட்டிப் பிராந்திக் கடை. கடை வைத்தவர்களுக்கு அந்த இடம் வசதி. பஸ் ஏறுகிறவர்களுக்கு இல்லை. மற்ற நாளில் ஆட்கள் வருவார்கள், வாங்குவார்கள், போவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மதியமே வந்து நிழற்குடைக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எவனோ எவன்மேலோ வீசிய பாட்டில், கோச்சடையில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கிய பவதாரிணியின் புருவத்தைக் கிழித்தது. கனகலட்சுமியின் பக்கத்து வீட்டு முருகம்மாளின் மகள் அவள். தையல் போட்டார்கள். கண் தப்பியது.

பெண்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். மகளிர் குழுத் தலைவி என்பதால் கனகலட்சுமி முன்வரிசையில் இருந்தாள். பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரி வேர்வையில் நனைந்த சட்டையோடு நின்று, “கடைய எடுக்குறது எங் கையில இல்லம்மா. ஞாயித்துக்கெழமை மட்டும் அடைச்சு வைக்கச் சொல்றேன். இப்போதைக்கு” என்றார். ‘இப்போதைக்கு’ என்ற சொல் எல்லோர் காதிலும் விழுந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கடையை அரசாங்கம் மூடியது. மிச்சத்தை ஊர் மூடியது. சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குடித்தால் என்ன செய்வது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. அன்று எல்லைக்குள் ஒருத்தரும் குடிக்கக் கூடாது என்று முடிவானது. குடித்தால் அபராதம் கிடையாது. சாயங்காலம் கோயில் மைக்கில் பேர் சொல்லப்படும். அபராதம் போட்டால் கட்டிவிட்டு மறுவாரமும் குடிப்பார்கள், பேர் என்றால் யோசிப்பார்கள் என்ற யோசனை கனகலட்சுமியுடையது. அதனால் மைக்கும் அவள் கைக்கே வந்தது.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ஊர் எல்லை கண்மாய் மடையோடு முடிகிறது. வாரம் பூராவும் குடிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மடையைத் தாண்டிப் போய், அடுத்த ஊர்க் கருவேலங்காட்டில் உட்கார்ந்து குடித்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து படுத்தார்கள். அவர்கள் பேர் வெளியே வரவில்லை. காசிமாயன் வண்டி எடுத்தால் ஒரு சொட்டுத் தொட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிச்சோற்றுக்கு முன்னால், மொட்டைமாடியில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒரு கோட்டர் குடிப்பான், சாப்பிடுவான், தூங்குவான். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் நடைமுறை. கையில் கிளாஸோடு காட்டுக்குள் போய்க் குந்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள்.

“யாரு யாரு?” என்றாள் கனகலட்சுமி.

வடக்குத் தெருவில் இரண்டு பேர் என்றார்கள். சொன்னாள். கொழாய் அலறியது.

“வேற?”

“வேற… மொட்டமாடியில ஒருத்தரு” என்றாள் முருகம்மாள்.

“எந்த மொட்டமாடி?”

“எங்க அடுப்படி சன்னல்ல நின்னாத் தெரியுற மொட்டமாடி.”

பவதாரிணி அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். புருவத்தில் தையல் பிரித்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

“நீ சொல்ல வேணாம் மதினி. மைக்க இங்கிட்டுக் குடு, நான் சொல்லிர்றேன்” என்று முருகம்மாள் கையை நீட்டினாள். உதவிக்கு நீட்டிய கையா, சோதிக்க நீட்டிய கையா என்று கனகலட்சுமிக்குப் புரியவில்லை. அவள் மைக்கைக் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்வது இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கனகலட்சுமி மகள் திவ்யாவை முன்னே தள்ளுவாள். மகள் காலேஜுக்குப் போயிருந்தால் கார்டை நீட்டி, “அதுலயே போட்ருக்கு சார், படிச்சுக்கங்க” என்பாள். பேங்கில் ஒரு பெண் விடாமல் கேட்டபோது, பின்னால் நின்றிருந்த யாரோ ஒருவரிடம் காதில் சொல்லி— இல்லை, காதிலும் சொல்லவில்லை. பாஸ்புக்கைக் காட்டி அவரைச் சொல்ல வைத்தாள். அந்தப் பேர் தன் வாயில் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

“காசிமாயன்” என்றாள்.

கண்மாய்க் கரை அதை வாங்கி ஒரு தடவை திருப்பிச் சொன்னது. மொட்டைமாடியில் தூங்கிக்கொண்டிருந்தவன் தன் பேரைக் கேட்டு எழுந்து, யார் கூப்பிடுகிறார்கள் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை. அப்புறம்தான் குரல் யாருடையது என்று பிடிபட்டது.

இது ஒரு பக்கம். நேர்த்திக்கடன் இன்னொரு பக்கம்.

மறியலுக்குப் போகுமுன் பெண்கள் எல்லைக் கருப்பு முன்னால் நின்று கும்பிட்டார்கள். கனகலட்சுமிதான் உரக்கச் சொன்னாள்: “கருப்பா, ஞாயித்துக்கெழமையாச்சும் இந்தக் கடையப் பூட்ட வையி. பூட்டுன மாசம் முடியுறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழமை கெடா வெட்டி, சுருட்டும் பாட்டிலும் வச்சு, நீ எறங்கிக் குடிக்கக் கண்ணாரப் பாக்குறோம்.” கருப்புக்கு நேரும்போது அப்படித்தான் சொல்வது. வயிற்றுவலிக்கும் அதே சொல், வரப்புத் தகராறுக்கும் அதே சொல். அவள் அம்மா சொன்னது, மாமியார் சொன்னது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பின்னால் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். பிராந்திக் கடையைப் பூட்டுவதற்கு ஒரு பிராந்திப் பாட்டிலை நேர்ந்திருக்கிறோம் என்பது, கடை பூட்டி, கெடாவும் பிடித்துக் கட்டிய பிறகுதான் ஒருத்தி யோசித்து ஒருத்தி சொன்னாள். மாசத்தின் கடைசி ஞாயிறு நாளைக்கு.

சனிக்கிழமை மதியம் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. காசிமாயன் வரவில்லை. ஊர்த் தலைவர் வெள்ளைத்துரை, கல்லுப்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவர், கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருந்தார்.

“பாட்டில் இல்லாம வெறுங் கெடாவ மட்டும் வெட்டிட்டா என்னண்ணே?”

“சொன்னது சொன்னபடி செய்யணும்ல. பாதியில நிறுத்துனா கருப்பு நம்மளப் பாதியில நிறுத்திரும்.”

“பாட்டில்ல கலர ஊத்தி வச்சுருவோம். பாக்க ஒண்ணுபோலதான் இருக்கும்.”

“குடிக்கிறது சாமி மாப்ள. அதுக்கு ருசி தெரியாதா?”

“அப்ப சாமிய திங்கக்கெழமை வரச் சொல்லுங்க.”

“ஞாயித்துக்கெழமைதான் வேணும்னு அது கேட்டுச்சா? இந்தா, கனகு மதினிதான் வாய விட்டுச்சு.”

“ஏப்பா, ஒரு சந்தேகம். கருப்பு எல்லையிலதான நிக்கிது. மொகம் எந்தப் பக்கம் பாத்திருக்கு?”

“மடையப் பாத்து.”

“அப்ப வாயி அடுத்த ஊருல இருக்கு. குடிச்சா நம்ம எல்லையில குடிச்சதா ஆகாது. கேஸ் முடிஞ்சுபோச்சு!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வெள்ளைத்துரை துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சிரிச்சது போதும். ஊருச் சட்டம் மனுசனுக்கு. சாமிக்கு இல்ல. சாமி குடிச்சா அது பூசை. பேரு சொல்லத் தேவையில்ல.”

“அப்படின்னா அடுத்த வாரத்துல இருந்து ஊருல அம்புட்டுப் பேருக்கும் ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாமி வந்துரும்ணே!”

பெண்களும் சிரித்தார்கள். கனகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. முருகம்மாள்தான் விஷயத்துக்கு வந்தாள்.

“அதெல்லாம் சரி. சாமி எறங்குற ஆளு வருவாரா?”

எல்லைக் கருப்பு காசிமாயன் வீட்டு வகையறாவில் மட்டும்தான் இறங்கும். முன்னால் அவன் அப்பன் மேல் இறங்கியது. சித்தப்பன் மகன் ஒருத்தன் திருப்பூரில் இருக்கிறான். அவனுக்குக் கொட்டுச் சத்தம் கேட்டால் தலைவலி வரும், சாமி வராது.

“வராட்டிப் போகுது” என்றார் வெள்ளைத்துரை. “கெடாவ அவுத்து விட்ருவோம். அதோட இந்தச் சட்டத்தையும் அவுத்து விட்ருவோம். கருப்புகிட்டக் கேட்டத வாங்கிக்கிட்டு, குடுக்குறேன்னதக் குடுக்காம இருக்க இந்த ஊருக்குத் தெம்பு இல்ல தங்கச்சி. கடைக்காரங்களும் எப்படா தெறக்கலாம்னு இருக்காக. ஊரே விட்ருச்சுன்னா நாளைக்கே தெறந்துருவாக.”

பவதாரிணி ஆடு கட்டியிருந்த இடத்தில் உட்கார்ந்து அதற்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்தாள். கனகலட்சுமி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, “வருவாரு” என்றாள்.

“வருவாருன்னா?”

“வருவாருன்னா வருவாரு.”

பாட்டில் வாங்குவது யார் என்று அடுத்த பேச்சு. நேர்ந்தவள்தான் வாங்க வேண்டும் என்பது முறை. இதுவரை நேர்ந்துகொண்ட பெண்கள் எல்லாம் புருஷனையோ அண்ணன் தம்பியையோ அனுப்பி வாங்கி வைத்திருக்கிறார்கள். கனகலட்சுமிக்கு அனுப்ப ஆள் இல்லை. ஆள் புளியமரத்தடியில் லாரிக்குள் படுத்திருந்தது.

சாயங்காலம் அவளே போனாள்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். அவளைக் கண்டதும் வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற விற்பனையாள் செல்வக்குமார் கல்லாவை மூடினான்.

“என்னக்கா, மறுபடியும் மறியலா?”

“ஒரு பாட்டில் வேணும்.”

ரோட்டில் ஒரு பஸ் நின்று கிளம்பிப் போன சத்தம் கேட்டது.

“எதுக்குக்கா வேணும்?”

“சாமிக்கு வைக்கிறது.”

“பிராந்தியா, ரம்மா?”

“தெரியலையே தம்பி.”

“மாயன் அண்ணன் குடிக்கிறதக் குடுப்பா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “சாமிக்கு ஒத்துக்கும். தொண்டைக்குப் பழக்கமானது.”

செல்வக்குமார் சிரிக்காமல் உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தான். லேபிளில் குதிரை போட்டிருந்தது. புருஷன் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்ன குடிக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. காலிப் பாட்டிலை அவன் தானே கொண்டுபோய்ப் போட்டுவிடுவான். கிளாஸையும் தானே கழுவி வைப்பான்.

“ஒண்ணு சொல்லவாக்கா?” என்றான் செல்வக்குமார், மிச்சச் சில்லறையை நீட்டி. “இந்த வேலைக்கு வந்ததுல இருந்து ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ண நான் பாத்ததில்ல. உங்க புண்ணியத்துல இப்ப வீட்டுல இருக்கேன். எம் மகன் என்னய யாரோ விருந்தாளின்னு பாக்குறான்.”

“நல்லதுதான தம்பி.”

“நல்லதுதான். சனிக்கெழமை ரெண்டு நா கூட்டத்த ஒத்த ஆளா நின்னு பாத்து இடுப்பு கழண்டுபோகுது. நல்லதுன்னு சொல்லும்போது அதையும் சேத்துச் சொல்லிக்கங்க.”

வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் புளியமரம். லாரிக் கதவு திறந்திருந்தது. காசிமாயன் டிரைவர் சீட்டில் காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தான்.

“வாங்கிட்டியா?”

“ம்.”

“எதக் குடுத்தான்?”

முந்தானையை விலக்கிக் காட்டினாள். குதிரையைப் பார்த்ததும் அவன் உதடு கொஞ்சம் இளகியது.

“ஆளு யோக்கியன்தான்.”

“மாமா, நான் சொல்லாம விட்ருந்தா என்ன பேசிருப்பாக? கனகு ஊருக்கு ஒரு நாயம், வீட்டுக்கு ஒரு நாயம்னு—”

“பேசட்டும்.”

“உங்களுக்குச் சுளுவாப் போச்சு.”

“எனக்கா சுளுவு?” பொரிகடலைப் பொட்டலத்தை மடித்தான். “போலீசு ஊதுன்றான், ஊதுறேன். ஓரங்கட்டுன்றான், ஓரங்கட்டுறேன். லோடு எறங்குற எடத்துல ராத்திரி பூரா நில்லுன்றான், நிக்கிறேன். ரோட்டுல எவனும் என்னய ஏவலாம். ஞாயித்துக்கெழமை ஒரு பொழுது ஏவ ஆள் இல்லாம எம் மாடியில உக்காந்திருந்தேன். அங்க வந்து நீ ஏவுற.”

“பவதாரிணி மொகத்தப் பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“அப்பறம்?”

“எறிஞ்சது நானா?”

“நீங்க இல்ல.”

“எறிஞ்சவன் மறுநாளே கடையில வந்து நின்னான். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவனப் பிடிக்க ஏலல. கெழமையப் பிடிச்சுக் கட்டிப்போட்டுட்டீக.”

“கையில மாட்டுனது கெழமைதான்.” அவள் பாட்டிலைக் கை மாற்றிக்கொண்டாள். “கட்டிப்போட்டதுல இருந்து ஒரு பாட்டிலும் பறக்கல.”

“அத நான் இல்லங்கல.”

ரோட்டில் ஒரு வேன் போனது. இரண்டு பேரும் அது போகட்டும் என்று இருந்தார்கள்.

“நாளைக்கு?”

“வாரேன். கொட்டு அடிச்சா எங் கால் இங்க இருக்காது. வாரது வரைக்கும் நான் பொறுப்பு. எறங்குறது அது பொறுப்பு.”

“எறங்குனா?”

“எறங்குனா அது குடிக்கும்.”

“எறங்காட்டி?”

அவன் மடித்த பொட்டலத்தைச் சீட்டுக்கு அடியில் செருகினான்.

“சாப்பிட வாங்க. கருவாட்டுக் குழம்பு.”

“பேரச் சொல்லிக் கூப்பிடு, வாரேன்.”

“வெளாடாதீக.”

“வெளாடல. ஊரு கேக்கச் சொன்னேல்ல. இங்க மரமும் லாரியும்தான் இருக்கு. ஒருக்காச் சொல்லு, வந்து உக்காந்து திங்கிறேன்.”

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. மைக் இருந்தபோது வந்தது இப்போது வரவில்லை. முந்தானையை இழுத்துப் பாட்டிலை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். குழம்பை மூடி வைத்தாள். காலையிலும் அது மூடியபடியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன்பே கோயில் நிறைந்துவிட்டது. கருப்புக்கு முன்னால் நட்டிருந்த அரிவாள்களுக்குச் சந்தனம் அப்பி மாலை போட்டிருந்தார்கள். தலைவாழை இலையில் பொங்கல், தேங்காய், சுருட்டு. நடுவில் குதிரை போட்ட பாட்டில். கெடாவின் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைத் துலுக்கியது. சம்மதம் கிடைத்துவிட்டது என்று குலவை எழுந்தது. ஆனால் கருப்பு இறங்கிக் குடித்த பிறகுதான் கெடா விழும். அதுதான் வரிசை.

மடைக்கு அந்தப் பக்கம் குந்துகிறவர்கள் தலையைச் சீவி விபூதி பூசிக்கொண்டு முன்னால் நின்றார்கள். செல்வக்குமார் மகனைத் தோளில் தூக்கி வந்திருந்தான். திவ்யா செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மைக், வழக்கம்போல, கனகலட்சுமி கையில். நேர்த்திக்கடன் யாருடையது, எதற்காக என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். ஞாயித்துக்கெழமை கடை பூட்டுனதுக்காக என்றபோது கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

காசிமாயன் வந்தான். குளித்த ஈரம் உடம்பில் இருந்தது. வேட்டியைக் கச்சையாகக் கட்டியிருந்தான். யாரையும் பார்க்காமல் கருப்புக்கு நேரே போய்க் கண்ணை மூடி நின்றான்.

உறுமி இழுத்தது. கொட்டு ஏறியது. அவன் நின்றுகொண்டே இருந்தான். கொட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்கள். வெள்ளைத்துரை கனகலட்சுமி பக்கம் சாய்ந்தார்.

“வருமா தங்கச்சி?”

“தெரியலண்ணே.”

அப்போது அவன் தோள் அசைந்தது. முதலில் வலது தோள், பிறகு இரண்டும். பல்லைக் கடித்து ஒரு சத்தம் கொடுத்துத் துள்ளினான். கூட்டம் பின்னால் நகர்ந்தது, குலவை வானத்துக்குப் போனது. அரிவாளைப் பிடுங்கிச் சுற்றி வந்தான். முருகம்மாள் பவதாரிணியின் தலையை அமுக்கி விழுந்து கும்பிட வைத்தாள். கனகலட்சுமிக்கு மூச்சு வந்தது.

வெள்ளைத்துரை மூடியைத் திருகி, பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினார்.

“குடிய்யா கருப்பா. பிள்ளைக சொன்னபடி செஞ்சுட்டாக. எறங்குன வாயால குடிச்சு, ஒரு வாக்குச் சொல்லு.”

பாட்டில் கைமாறியது. வாய் வரைக்கும் போனது. அங்கே நின்றது.

இன்னொரு கை உயர்ந்தது. கொட்டு நின்றது. உறுமி மட்டும் ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டு நின்றது.

அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. லேபிளைப் பார்த்தான். சீவிய தலைகளைப் பார்த்தான். செல்வக்குமாரின் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தான். விழுந்து கும்பிட்ட பவதாரிணி எழுந்து நின்றாள். அவள் புருவத்தைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பிடித்திருந்தவள் பக்கம் திரும்பி நடந்து வந்தான்.

இறங்கிய கருப்பு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாது. கிழவியானாலும் கைப்பிள்ளையானாலும் பெண் என்றால் அதற்கு ‘மகளே’தான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். அது வந்துவிட்டால் போதும். கெடா விழும், சட்டம் நிற்கும்.

“கருப்பான்னு கும்பிட்டு விபூதிய வாங்கிக்க தங்கச்சி” என்று வெள்ளைத்துரை பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

அவன் அவளுக்கு எதிரே வந்து நின்றான். மைக்கை அவள் அணைத்திருக்கவில்லை. அவன் மூச்சு கொழாயில் கேட்டது, கண்மாய்க் கரையில் திரும்பக் கேட்டது. திறந்த பாட்டிலை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

“கனகு, இப்ப இதக் குடிக்கப்போறது யாரு? பேரச் சொல்லு.”